ஆறாவது மகரந்தப்பை

"இந்த ஒண்ணு மட்டும் சூலகமுடிப் பக்கமா வந்திருக்கே, பூவிலயே அப்படித்தான் இருந்துச்சா?"

முப்பரிமாணப் படம் பார்க்கும் வியூவரிலிருந்து முகத்தை எடுக்காமலே மேடம் கேட்டார். "ஆமா மேடம், பூவே அப்படித்தான்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாய் முந்திக்கொண்டது. "சரி" என்று சொல்லிவிட்டு அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

படம் செங்காந்தள். தாவரவியல் மாணவர்களுக்கான முப்பரிமாணப் படத்தொகுப்புக்காக எடுத்தது. அதன் ஆறு இதழ்களும் அலை அலையாக நெளிந்து பின்பக்கம் மடிந்துவிடும். ஆறு மகரந்தத்தாள்களும் சுற்றிலும் கை விரித்து நீளும். சூலகத்தண்டோ அடியிலேயே ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்பி, ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகும். சாதாரணப் படத்தில் அந்தத் திருப்பம் ஒரு பச்சைக் கோடு, அவ்வளவுதான். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் கொடுத்தால்தான், அந்தத் தண்டின் நுனியில் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி தன் பூவின் மகரந்தப்பைகளை விட்டு எவ்வளவு விலகி நிற்கிறது என்று பிடிபடும். மேடம் இந்தப் பூவைக் கேட்டதே அந்த விலகலுக்காகத்தான். அதனால்தான் அவருடைய கேள்வி இன்னும் உறுத்துகிறது. அவர் சும்மா கேட்கவில்லை.

நம் இரு கண்களுக்கு இடையே ஏறக்குறைய 65 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் தூரத்திலுள்ள பூவை அதே இடைவெளியில் எடுத்தால் இரண்டு படமும் ஒன்றுசேராது, கண்தான் வலிக்கும். தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு என்பது இந்தத் தொழிலின் கைக்கணக்கு. அப்படியானால் 10 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் இரண்டு கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த முடியாது, கேமராவே அதைவிடப் பல மடங்கு அகலம். பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடி அமைப்பு இருந்தால் இரண்டு படத்தையும் ஒரே நொடியில் எடுத்துவிடலாம். என்னிடம் அது இல்லை. ஒரே கேமராவைச் சறுக்குச் சட்டத்தில் வைத்து, இடது படம் எடுத்து, 10 மில்லிமீட்டர் நகர்த்தி, வலது படம் எடுத்தேன். நடுவே நாலைந்து நொடி. காந்தளின் மகரந்தப்பை, மகரந்தத்தாளின் மெல்லிய கம்பியின் நுனியில் நடுமுதுகு மட்டும் ஒட்டிக்கொண்டு தராசுக்கோல் மாதிரி ஆடக்கூடியது. மூச்சுக்காற்று போதும். ஐந்து அப்படியே நின்றன, ஒன்று திரும்பிவிட்டது.

திரையில் பெரிதாக்கியபோதுதான் கவனித்தேன். இடது படத்திலிருந்த அந்த மகரந்தப்பையை வெட்டி வலது படத்தில் ஒட்டினேன். எங்கே ஒட்டுவது? கம்பியின் நுனியும் அசைந்திருந்ததால் பிடித்துக்கொள்ள ஓர் அடையாளம் கிடைக்கவில்லை. வலது படத்தில் ஒரு பொருளை இடப்பக்கம் தள்ளினால் அது முன்னால் வரும், வலப்பக்கம் தள்ளினால் பின்னால் போகும். ஏழு பிக்சல் இடப்பக்கம் தள்ளினேன், சூலகமுடிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது. பதினொன்று தள்ளினேன், முன்னால் வந்து கிட்டத்தட்ட அதைத் தொட்டது. படத்துக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. பதினொன்றிலேயே விட்டுவிட்டேன்.

நாலு பிக்சல்தான். தட்டையான படத்தில் யார் கண்ணிலும் படாது.

எல்லாரும் திருத்தத்தான் செய்கிறோம். இலையின் மினுமினுப்பு ஒரு கண்ணுக்குத் தெரிந்து மறு கண்ணுக்குத் தெரியாமல் போனால் அந்த இடம் பளபளத்து உறுத்தும். அதை எத்தனையோ முறை அழித்திருக்கிறேன், ஒரு நாளும் மனசு குத்தியதில்லை. மறுநாள் திரும்ப எடுக்கலாமே என்றால், காந்தளில் மஞ்சள் குறைந்து சிவப்பு ஏறிக்கொண்டே போகும், அந்த நிறம் திரும்பக் கிடைக்காது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதே கொடியில் அடுத்த மொட்டு இருந்தது. காத்திருந்திருக்கலாம்.

இன்னொரு வாதமும் வைத்திருக்கிறேன். 10 மில்லிமீட்டரை 6 ஆக்கினால் பூவின் ஆழம் குறையும், 15 ஆக்கினால் கூடும். அப்படியானால் ஆழம் எப்போதுமே எடுப்பவன் கையில்தானே? 1838-இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் தன் கருவியை விளக்கியபோது காட்டியவை வெறும் கோட்டோவியங்கள். ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அதற்கு அடுத்த ஆண்டில்தான். இரண்டு ஓவியங்களில் கோடுகள் சற்று விலகியிருந்தால் போதும், மீதி வேலையை மூளை பார்த்துக்கொள்கிறது. இதை நினைக்கும்போது கொஞ்ச நேரம் ஆறுதலாக இருக்கும். பிறகு வாதம் கையில் நிற்காது. இடைவெளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் முன்னால் இருப்பது முன்னால்தான் இருக்கும். நான் மாற்றியது வரிசையை. அந்த ஒரு மகரந்தப்பை விஷயத்தில் நான் படம் எடுக்கவில்லை, வரைந்திருக்கிறேன். வரைந்ததை, பூ எங்கே விலகி நிற்கிறது என்று அறிய வந்தவரிடம், பூ என்று சொல்லியிருக்கிறேன்.

அது உண்மையிலேயே சூலகமுடிக்கு முன்னால்தான் இருந்திருக்குமோ? இருந்திருக்கலாம். அப்படியானால் நான் சொன்னது பொய்யில்லை என்று ஒரு மனசு சொல்கிறது. சொன்ன நேரத்தில் உனக்குத் தெரியாதே என்று இன்னொரு மனசு.

இப்போதெல்லாம் இடது, வலது, மறுபடி இடது என்று மூன்று படம் எடுக்கிறேன். முதலாவதும் மூன்றாவதும் பிசிறில்லாமல் பொருந்தினால்தான் அந்த ஜோடியை எடுத்துக்கொள்வேன். நல்ல பழக்கம், புதிதாக வருபவர்களுக்கும் சொல்லித் தருகிறேன். ஆனால் அன்று அந்த மூன்றாவது படம் இருந்திருந்தாலும், வியூவரில் அவ்வளவு அழகாக நின்ற படத்தைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டபோது என் வாய் வேறு பதில் சொல்லியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

திருத்தாத ஜோடியை அழிக்கவில்லை. அவ்வப்போது வியூவரில் வைத்துப் பார்க்கிறேன். ஐந்து மகரந்தப்பைகள் அதனதன் இடத்தில் நிற்கின்றன. ஆறாவதை இரண்டு கண்ணும் இரண்டு விதமாகப் பார்க்கின்றன. ஒரு கணம் கிடையாக, மறு கணம் சாய்வாக, மாறி மாறி மினுங்குகிறது. இந்த ஜோடியை மேடத்துக்கு அனுப்ப ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன். "ஆறாவது மகரந்தப்பை பற்றி" என்று தலைப்பு மட்டும் இருக்கிறது.