தோப்புக்குள் ஓடும் மாருதி

அப்பாவின் பழைய காரை மின்சாரத்துக்கு மாற்றிய வேலைக்கென்று வைத்த கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ‘மதிப்பீடு ரூ.1,20,000’ என்று எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் நிற்கும் தொகை ரூ.2,87,200. நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடம். கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் போட்ட மதிப்பீடு இது என்பதை எங்கள் தலைவரிடம் மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

வண்டி அப்பாவுடையது. 2002-ஆம் வருட மாருதி 800. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாததைக் கவனிக்காமல் ஆனைமலை வரை ஓட்டிப் போனதில் எஞ்சின் சூடேறி ஹெட் வளைந்துவிட்டது. மெக்கானிக் முப்பத்தைந்தாயிரம் கேட்டார். அதைக் கொடுத்துச் சரிசெய்திருந்தால் பணக் கணக்கில் அதுதான் லாபம். ஆனால் அப்பாவுக்கு அப்போதுதான் இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. மொபெட்டைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கிளட்ச் மிதிக்கவும் கால் ஒத்துழைக்கவில்லை. பொள்ளாச்சிக்குத் தெற்கே எங்கள் தோப்பையும் சித்தப்பா தோப்பையும் சேர்த்து ஒரு சுற்று வந்தால் மூன்று கிலோமீட்டர். அந்தச் சுற்று இல்லாவிட்டால் அப்பாவுக்குப் பொழுது விடியாது. ஆகவே கிளட்ச் இல்லாத வண்டி வேண்டும், அதுவும் சல்லிசாக வேண்டும். மின்சாரத்துக்கு மாற்றும் யோசனை அப்படித்தான் வந்தது.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தேன். இந்த வேலையில் நான் ஒழுங்காகச் செய்த முதல் காரியமும் அதுதான். அங்கிருந்த ஆய்வாளர் பொறுமையாகவே விளக்கினார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் இருப்பதற்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பெட்ரோல் வண்டியை மின்சாரத்துக்கு மாற்றலாம். ஆனால் அதற்கான பாகங்களின் தொகுப்பு, அதாவது கிட், ஏ.ஐ.எஸ். 123 என்ற தர விதிப்படி அந்த ரக வண்டிக்கென்று சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட் போன்ற அமைப்புகள்தாம் சோதிப்பவை. அந்தக் கிட்டையும் அங்கீகாரம் பெற்றவர்தான் பொருத்த வேண்டும். அதன்பிறகு சான்றிதழில் எரிபொருள் மாறும், பச்சை நம்பர் பலகை கிடைக்கும். கையால் செய்த ஒற்றை வண்டிக்கு இதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. ஒப்புதல் பெற்ற கிட் பற்றி இரண்டு இடங்களில் விலை விசாரித்தேன். இரண்டுமே அந்த வண்டியை விற்றால் கிடைக்கும் பணத்தைப்போலப் பல மடங்கு.

“தோப்பு வேலியைத் தாண்டாது என்றால் உங்கள் பாடு” என்றார் ஆய்வாளர். பதிவுக் காலம் ஏற்கெனவே முடிந்திருந்தது, புதுப்பிக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை வண்டி எங்கள் கேட்டைத் தாண்டியதில்லை. இதைப் படித்துவிட்டுச் சாலையில் ஓட்டும் வண்டியை யாராவது இப்படிக் கழற்றினால், விபத்து நடக்கும் நாளில் காப்பீடு கைவிட்டுவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மச்சான் எலக்ட்ரீஷியன், அவர் இருந்தது நல்லதாகப் போயிற்று. எஞ்சின், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க் எல்லாவற்றையும் கொப்பரை எடை போடும் தராசில் ஏற்றிக் குறித்துக்கொண்டோம்: 121 கிலோ. பழைய சாமான்கள் பதினோராயிரத்துக்குப் போயின. கியர்பாக்ஸை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம். ரிவர்ஸும் வேகக் குறைப்பும் அதிலேயே இருப்பதால் சிறிய மோட்டாரே போதும். 72 வோல்ட், 5 கிலோவாட் மோட்டார், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர், ஆக்சிலரேட்டர் மிதி மூன்றும் சேர்ந்து 58,000 ரூபாய். மின்சார ஆட்டோக்களுக்கென்று விற்கிற வகை. தள்ளுவண்டி மோட்டாரைக் காரில் வைக்கிறாயா என்று சித்தப்பா கேட்டார். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் இவ்வளவு இலேசான கார் ஓட இரண்டரை, மூன்று கிலோவாட் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் நம்பவில்லை.

மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் தகடுதான் என்னை மூன்று மாதம் தூங்கவிடாமல் செய்தது. கியர்பாக்ஸ் வாயில் காலண்டர் அட்டையை வைத்து, விரலால் அழுத்தி ஓட்டைகளின் அச்செடுத்து, அதைப் பார்த்து உள்ளூர்ப் பட்டறையில் 12 மில்லிமீட்டர் இரும்புத் தகடு அறுத்தோம். பழைய கிளட்ச் பிளேட்டின் நடுக் குமிழை மட்டும் வெட்டியெடுத்து, மோட்டார் தண்டுக்கான கப்ளிங்கில் வெல்டிங் செய்தோம். அதன் உட்புறப் பல் வரிசை கியர்பாக்ஸ் தண்டின்மேல் கச்சிதமாகப் பொருந்தும். புதிதாகப் பல் வெட்டும் செலவு மிச்சம். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். மொத்தம் ஒன்பதாயிரம்.

ஜாக்கியில் தூக்கி நிறுத்தி ஓட்டியபோது முதல் கியரில் சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது. அது சின்ன விஷயம். மோட்டாரின் கம்பிகளை மாற்றிக் கொடுத்ததும் சரியாயிற்று. வேகம் கூட்டினால் வந்த அதிர்வுதான் சரியாகவில்லை. மிக்சியில் ஜாரைச் சரியாகப் பொருத்தாமல் ஓட்டினால் வருமே, அந்தச் சத்தம். பழகப் பழகச் சரியாகும் என்று மூன்று வாரம் ஓட்டினேன். கியர்பாக்ஸ் தண்டின் ஆயில் சீல் கிழிந்து, கொட்டகைத் தரையெல்லாம் எண்ணெய்.

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை இருப்பதாகச் சங்கத்து உறுப்பினர் ஒருவர் சொன்னார். தகட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த மாஸ்டர் அதைக் கையில் வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் போட்டார்.

“கியர்பாக்ஸ் எங்கே?”

“தோட்டத்தில் இருக்கிறது, அண்ணா.”

“மாப்பிள்ளை இல்லாமல் சட்டைக்கு அளவெடுக்கச் சொல்கிறீர்களா?”

அடுத்த வாரம் கியர்பாக்ஸைக் கோணிச் சாக்கில் கட்டிப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றினேன். நடத்துநர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். உக்கடத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, மாஸ்டர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் புதுத் தகட்டைக் கியர்பாக்ஸின் இரண்டு டவல் பின்களில், அதாவது இடம் பிசகாமல் நிறுத்தும் முளைகளில், உட்கார வைத்தார். நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜைக் கியர்பாக்ஸ் தண்டிலேயே கட்டி, தண்டைக் கையால் சுற்றி, மோட்டார் உட்காரும் வட்டத்தின் மையத்தைத் தேடினார். முள் அசைவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்குக்குள் வரும்வரை விடவில்லை. என் காலண்டர் அட்டை கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தப்பியிருந்தது. கிளட்ச் குமிழும் வெல்டிங் சூட்டில் கோணியிருந்தது. இந்த முறை வெல்டிங்கே இல்லை. ரிவெட் இருந்த துளைகளிலேயே போல்ட் போட்டார். கூலி ஆறாயிரத்து ஐந்நூறு. முதலிலேயே அவரிடம் போயிருந்தால் அந்த ஒன்பதாயிரம் மிஞ்சியிருக்கும். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் அடுத்து வருவதால் இதை இத்தோடு விடுகிறேன்.

பேட்டரி. லித்தியத்தின் விலையைக் கேட்டு மலைத்துப்போய், 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஆசிட் பேட்டரிகள் ஆறு வாங்கினேன். 57,000 ரூபாய், சார்ஜர் எட்டாயிரம். ஒவ்வொன்றும் முப்பது கிலோ. பின்சீட்டை எடுத்துவிட்டு அடுக்கியதில் வண்டி, பிள்ளைத்தாய்ச்சி எருமைபோலப் பின்பக்கம் அமுங்கியது. பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் அந்த 100, இருபது மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது. நாங்கள் எடுத்ததோ நாற்பது ஆம்பியர். அப்படி உறிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே பெரிது. அதிலும் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். ஓட்டிவிட்டு அன்றன்றே சார்ஜில் போடாவிட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்பாவோ வண்டியைக் களத்து ஓரத்தில் நிறுத்திவிட்டு நேராகச் சாப்பிடப் போகிறவர். தொடக்கத்தில் எட்டுச் சுற்று வந்த வண்டி, ஒன்பதாவது மாதம் இரண்டாவது சுற்றிலேயே வாய்க்கால் மேட்டில் நின்றது. டிராக்டர் வைத்து இழுத்து வந்தோம். பழைய ஈயம் கிலோ தொண்ணூறு ரூபாய் என்று 16,200 தேறியது. மீதி 48,800 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் ‘கல்விச் செலவு’ என்று நோட்டில் குறித்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் இரண்டு ஆபத்தான தவறுகள். ஒன்று, வீட்டில் போடும் சாதாரண எம்.சி.பி.யை, அதாவது மின்சாரம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்சை, பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் மாட்டச் சொன்னேன். மச்சான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். வீட்டு மின்சாரம் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால், சுவிட்ச் பிரியும்போது எழும் தீப்பொறி தானாக அணைந்துவிடும். நேர்மின்சாரத்தில் அந்த இடைவெளியே இல்லை. பொறி வளைந்து நின்று எரிந்துகொண்டே இருக்கும். நேர்மின்சாரத்துக்கென்றே செய்த கான்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச்), ஃபியூஸ், கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்களை மெதுவாக நிரப்பும் ஒரு ரெசிஸ்டர் என்று பதினான்காயிரம் செலவாயிற்று. அதில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கச் சொல்லமாட்டேன். தடித்த ஒயருக்கு மட்டும் 35 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் வாங்கினோம். விலை குறைவு, நன்றாக வளையும்.

இன்னொன்று பிரேக். எங்கள் வண்டியில் மிதிக்கும் விசையைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டர் உண்டு. அது எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தால் வேலை செய்வது. எஞ்சினே இல்லை என்றால் வெற்றிடம் எங்கிருந்து வரும்? இதை யோசிக்காமலே முதல் ஓட்டத்தில் கிணற்று மேட்டுச் சரிவில் இறக்கினேன். மிதி கல்லை மிதிப்பது போல இருந்தது. இரண்டு காலையும் ஊன்றிக் கைப்பிரேக்கையும் இழுத்ததில் கிணற்றுச் சுவருக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. அன்று அப்பா உடன் வராதது கடவுள் புண்ணியம். மறுநாளே மின்சார வெற்றிடப் பம்புக்கு ஏழாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். விளக்குக்கும் ஹாரனுக்கும் 72 வோல்ட்டைப் பன்னிரண்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்று. ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்தே ஓடுவதால் அதற்குச் செலவில்லை.

கடைசியில் லித்தியமே வாங்கினேன். இரும்பு பாஸ்பேட் வகை, 105 ஆம்பியர்-மணிச் செல்கள் இருபத்து நான்கு. ஒன்று 4,600 ரூபாய் வீதம் 1,10,400. தோப்புக்கு இதில் பாதிக் கொள்ளளவு போதுமே என்று மச்சான் கேட்டார். தூரத்துக்குப் போதும்தான். ஆனால் மேட்டில் ஏறும்போது மோட்டார் 130 ஆம்பியர் இழுக்கிறது. ஐம்பது ஆம்பியர்-மணிச் செல்லிடம் அதைக் கேட்பது சின்னப் பையன் தலையில் மூட்டை ஏற்றுவது. (என்றாவது சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்கும் என்ற நப்பாசையும் கொஞ்சம் இருந்தது.) செல்களை முதலில் தொடர் இணைப்பில் சார்ஜ் செய்து, பிறகு எல்லாவற்றையும் பக்க இணைப்பில் கட்டி 3.65 வோல்ட்டுக்குச் சமன் செய்த பிறகே பெட்டியில் அடுக்கினோம். மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி, ஸ்பேனரின் கைப்பிடிக்கு டேப் சுற்றிக்கொண்டு செய்த வேலை. ஒவ்வொரு செல்லையும் பி.எம்.எஸ். என்ற பேட்டரி மேலாண்மைச் சுற்று கண்காணிக்கிறது, எது எல்லை தாண்டினாலும் இணைப்பை அறுத்துவிடும்.

செல்கள் நாற்பத்தெட்டு கிலோதான். மறுபடியும் தராசு கணக்கைக் கூட்டிப் பார்த்தால், பெட்ரோலில் ஓடியதைவிட வண்டி ஒன்பது கிலோ இளைத்திருந்தது. மண் தடத்தில் கிலோமீட்டருக்கு 105 வாட்-மணி செலவாகிறது; ஒரு முறை சார்ஜ் செய்தால் அறுபது கிலோமீட்டர் தாராளமாக ஓடும். முழுச் சார்ஜுக்கு ஒன்பதரை யூனிட், ஆறு ஏழு மணி நேரம். பம்ப் செட்டுக்கு வரும் இலவச மின்சாரத்தில் செருகிவிடலாமே என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் யோசனை சொன்னார். அது விவசாயத்துக்குக் கொடுத்த இணைப்பு. வீட்டு இணைப்பில்தான் போடுகிறோம்.

அப்பா எப்போதும் இரண்டாவது கியரில்தான் ஓட்டுகிறார். முப்பது வரை போகும், அதற்குமேல் அவருக்குத் தேவையும் இல்லை. இடது கால் சும்மா கிடக்கிறது. ஏ.சி. போய்விட்டதில் அம்மாவுக்கு வருத்தம், ஆனால் அம்மா வண்டியில் ஏறுவதே இல்லை. சத்தம் இல்லாததுதான் தொந்தரவு. தடத்தில் மேயும் மயில்கள் பம்பர் பக்கத்தில் வரும்வரை நகரவில்லை. மட்டை பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் திரும்பிப் பார்த்து அலறிவிட்டார். அன்று மாலையே அப்பா பரணிலிருந்து பழைய மாட்டு மணி ஒன்றைத் தேடியெடுத்து முன் பம்பரில் கட்டினார். இப்போது வண்டி எந்தப் பாத்தியில் இருக்கிறது என்பது களத்தில் இருந்தாலே தெரியும்.

கியர்பாக்ஸுக்குக் கீழே வைத்த தகரத் தட்டில் வாரத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெய் இன்னமும் விழுகிறது. கணபதி மாஸ்டர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். காய் பறிக்கும் நாளில் வரச் சொன்னேன். திரும்பும்போது ஒரு மூட்டை தேங்காய் கொடுத்தனுப்பலாம், லக்கேஜ் டிக்கெட்டும் நானே எடுத்துக்கொடுப்பேன்.