கன்டெய்னர்ல ஓடுற போஸ்ட்கிரெஸ்ஸ 15லேருந்து 17க்கு மாத்துன அனுபவம்

டேட்டாபேஸ கன்டெய்னர்ல (டாக்கர் தனியா அடைச்சு ஓட்டுற பெட்டி மாதிரி) ஓட்டலாமான்னு கேட்டா தாராளமா ஓட்டலாம்னுதான் சொல்வேன், ஆனா வெப் சர்வருக்கு பண்ற மாதிரி டேக்க, அதாவது வெர்ஷன் பேர, மாத்தி ரீஸ்டார்ட் பண்ணா வேலை முடிஞ்சுதுன்னு இதுல எறங்கிடாதீங்க. எங்க கம்போஸ் ஃபைல்ல (எந்த கன்டெய்னர் எப்படி ஓடணும்னு எழுதற ஃபைல்) இருந்தது போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸோட 15, ஆல்பைன்ங்கற லினக்ஸ் மேல கட்டுன இமேஜ், அதாவது கன்டெய்னர எழுப்பற ரெடிமேட் பேக்கேஜ். அத 17க்கு ஏத்தணும், அப்படியே டெபியன் லினக்ஸ் இமேஜுக்கும் மாறிடணும்னு முடிவாச்சு.

மொதல்ல வால்யூமுக்கு (டேட்டாவ கன்டெய்னருக்கு வெளிய வெச்சிருக்கற எடம்) ஒரு காப்பி எடுத்து, அது மேல 17 இமேஜ விட்டுப் பாத்தேன். டேட்டா டைரக்டரி 15ல உருவானது, இதுக்கு ஒத்து வராதுன்னு லாக்ல எழுதிட்டு நின்னுடுச்சு. எதிர்பாத்ததுதான். மைனர் வெர்ஷன் மாறுனா அதே வால்யூம்ல அப்படியே ஓடும், மேஜர்னா ஓடாது. வெர்ஷன் ஏத்த போஸ்ட்கிரெஸோட டூல் பிஜி அப்கிரேட் இருக்கே அத வெச்சு பண்ணலாமேன்னா, அதுக்கு பழைய பைனரி (போஸ்ட்கிரெஸ் ப்ரோகிராம் ஃபைல்) புது பைனரி ரெண்டும் ஒரே எடத்துல வேணும், அஃபீஷியல் இமேஜ்ல ஒண்ணுதான் இருக்கும்.

அதுவாச்சும் சமாளிக்கலாம், நெஜமான வில்லங்கம் ஆல்பைன்லதான். அதுல இருக்கறது மஸல் சி லைப்ரரி, டெபியன்ல ஜிலிப்சி, எழுத்த எந்த வரிசைல அடுக்கறதுன்னு முடிவு பண்றது இதுங்கதான். லோக்கேல்ல (மொழி செட்டிங்) அமெரிக்க இங்கிலீஷ்னு போட்டிருந்தாலும் மஸல் வெறும் பைட் வரிசைலதான் அடுக்கும், அதாவது கேப்பிட்டல் இஸட் சின்ன ஏ-க்கு முன்னாடி வந்துடும், ஜிலிப்சில அப்படியில்ல, ஏ-தான் முன்னாடி. இப்ப டெக்ஸ்ட் காலம் (டேபிளோட நெடுவரிசை) மேல கட்டுன இன்டெக்ஸ், அதாவது சீக்கிரம் தேட வெச்சிருக்கற அட்டவணை, எல்லாம் பழைய வரிசைல இருக்கு, ஃபைல அப்படியே தூக்கிட்டுப் போனா டேபிள்ல இருக்கற ரோவே தேடுனா கெடைக்காம போகலாம், யூனிக்னு போட்ட காலம்லயே டூப்ளிகேட் நுழையலாம், இதுல ஒரு எரர் கூட வராது. எரர் வந்தா கூட பரவால்லங்க, வராதது தான் பயம்.

அதனால டம்ப், ரீஸ்டோர் வழிதான், அதாவது டேட்டாவ ஃபைலா வெளிய எடுத்து புதுசுல திரும்ப ஏத்தறது. இன்டெக்ஸ் எல்லாம் புதுசா கட்டப்படும், அந்தப் பிரச்சனையே கெடையாது. ஆப்ப நிறுத்திட்டு, அதே நெட்வொர்க்ல 17 கன்டெய்னர எழுப்பி அதுல இருக்கற பிஜி டம்ப் டூல வெச்சே பழசுலேருந்து எடுத்தேன், எப்பவும் புது வெர்ஷன் டூலால எடுக்கறதுதான் சரி. யூசர், ரோல் எல்லாம் பிஜி டம்ப்ல வராது, அதுக்கு பிஜி டம்ப்ஆல்ங்கற இன்னொரு டூல்ல குளோபல்ஸ் (எல்லா டேட்டாபேஸுக்கும் பொதுவானது) மட்டும் தனியா எடுக்கணும்.

ரீஸ்டோர் சுமுகமா போச்சு. அப்புறம் ஒரு பெரிய ரிப்போர்ட் க்வெரி ஓட்டுனா டிஸ்க்ல எடம் இல்லன்னு எரர், டிஸ்க்ல பாத்தா பாதி காலி! எரர நல்லா படிச்சா ஷேர்ட் மெமரி (ப்ராசஸ்கள் பகிர்ந்துக்கற மெமரி) செக்மென்ட்ட பெருசு பண்ண முடியலன்னு இருக்கு. டாக்கர் அதுக்கு தர்றது டீஃபால்ட்டா 64 எம்பிதான், பல ப்ராசஸ் சேந்து டேபிள்கள இணைக்கற பேரலல் ஜாயின் வந்தா பத்தாது. கம்போஸ்ல எஸ்எச்எம் சைஸ 1 ஜிபி ஆக்குனதும் ஓடிடுச்சு.

ஹெல்த்செக்ல (கன்டெய்னர் தயாரான்னு பாக்கற சோதனை) பிஜி ஈஸ்ரெடி கமாண்ட போடறவங்க ஹோஸ்ட்டையும் சேத்து குடுங்க. மொத தடவ இனிஷியலைஸ் ஆகும்போது ஒரு டெம்பரரி சர்வர் யூனிக்ஸ் சாக்கெட்ல (நெட்வொர்க் இல்லாம உள்ளுக்குள்ளயே பேசற வழி) மட்டும் எழும், சாக்கெட்ல கேட்டா அதுவே ரெடின்னு சொல்லிடும், ஆப் அவசரப்பட்டு உள்ள வந்து அடிவாங்கும்.

ஸ்கிரீன்ல பேரெல்லாம் வேற வரிசைல வருதேன்னு டெஸ்டிங்ல கேட்டாங்க, இனிமே அப்படித்தான்னு சொல்லிட்டேன். பழைய வால்யூம இன்னும் அழிக்கல, புதுச கம்போஸ்ல எக்ஸ்டர்னல்னு (கம்போஸ் நிர்வகிக்காததுன்னு) போட்டாச்சு, எல்லாத்தையும் நிறுத்தற டவுன் கமாண்ட் கூட, வால்யூமையும் அழிக்கற மைனஸ் வி-ய யாராவது போட்டாலும் போகாது. நேரா 18க்குப் போறவங்க மவுன்ட் பாத்த (வால்யூம் கன்டெய்னருக்குள்ள எங்க இணையுதுங்கற எடத்த) பாத்துக்கோங்க, அந்த இமேஜ்ல டேட்டா டைரக்டரிக்கு பதிலா அதுக்கு ஒரு படி மேல இருக்கறதத்தான் மவுன்ட் பண்ணணும்.