நான்கு கதவு ஹெரால்டுக்கு பீடிங் தேடி

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் என்ஜினைப் பிரித்துக் கட்ட சென்னையில் இன்னும் ஆள் இருக்கிறார்கள். ரிங், பேரிங், கேஸ்கட் எல்லாம் கொஞ்சம் அலைந்தால் கிடைத்துவிடும். டிங்கரிங் வேலைக்கும் நல்ல கைகள் உண்டு. வண்டி அப்படியே நின்றுபோவது ரப்பரிலும் பளபளப்பு உலோகப் பட்டைகளிலும்தான். பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிற்கும் ஹெரால்டுகள், கண்ணாடி ரப்பரும் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கும் கிடைக்காமல் வருடக்கணக்கில் கொட்டகையில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். என் வண்டி அப்படி ஆகிவிடக் கூடாது என்று புதுப்பேட்டை, பெங்களூர், கோயம்புத்தூர் என்று சுற்றிய கதை இது. இதே வண்டியை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. நம் ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961இல் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. தொழிற்சாலை வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே, ஜிஎஸ்டி சாலையை ஒட்டி. அம்பாசிடர் வங்காளத்து வண்டி, ஃபியட் பம்பாய் வண்டி என்றால் ஹெரால்டு நம் மெட்ராஸ் வண்டி. 948 சிசி என்ஜின், முன்பக்கமாக மொத்தமாகத் திறக்கும் பானெட், ஒரே வீச்சில் தெருவில் திரும்பிவிடும் ஸ்டீயரிங். அறுபதுகளில் டாக்டர்களும் வக்கீல்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் ஆசையாக வாங்கினார்கள்.

என்னுடையது அறுபதுகளின் பிற்பகுதியில் வந்த நான்கு கதவு மாடல். காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில் இருந்து எடுத்தது. சிக்கலின் வேர் அந்த நான்கு கதவில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஹெரால்டு இரண்டு கதவோடுதான் விற்றது. பின்கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவுக்கென்றே வண்டலூரில் செய்தது. அதனால் முன்கண்ணாடி ரப்பர் வேண்டுமென்றால் இங்கிலாந்துக்கு எழுதி வரவழைக்கலாம். அங்கே டிரையம்ப் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்து விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பின்கதவு ரப்பர் வேண்டுமென்றால் எங்கே எழுதுவது? அந்தக் கதவு பிறந்த இடமே இல்லை. 1988இல் தொழிற்சாலை மூடியது. இன்று அந்தப் பக்கம் போனால் கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும்தான் நிற்கின்றன. புதுப்பேட்டைக்குப் போகும் வழியில் ஒரு காலை அங்கே வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் பார்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் இந்தத் தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றியது.

அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை புரியாது. அது 2014 வரை தயாரிப்பில் இருந்தது. கதவு பீடிங் இன்றைக்கும் கடையில் சுருளாகத் தொங்கும். ஹெரால்டு எழுபதுகளின் தொடக்கத்திலேயே நின்று, அதன் இடத்தில் 1972இல் அதே நிறுவனத்தின் கெசல் வந்தது. அதுவும் அந்தப் பத்தாண்டைத் தாண்டவில்லை.

ஹெரால்டுக்கு ரப்பர் மற்ற வண்டிகளைவிட அதிகம் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் டிரையம்ப் வண்டிகளையும் செய்த ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனி சேஸிஸ் மேல் போல்ட் போட்டு இணைக்கும்படி வடிவமைத்தார்கள். கூரையைக்கூட போல்ட்டைக் கழற்றித் தூக்கிவிடலாம். துருப்பிடித்த துண்டை மட்டும் மாற்ற இது பெரிய வசதி. ஆனால் ஒவ்வொரு இணைப்பும் மழைக்கு ஒரு வாசல். கூரைக்கும் முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் நடுவே ஒரு ரப்பர், கூரைக்கும் பின்பாடிக்கும் நடுவே ஒரு ரப்பர், முன்பாதியும் பின்பாதியும் சேரும் இடத்தில் ஒரு சீலிங். இதில் ஒன்று காய்ந்தாலும் தண்ணீர் கால்விரிப்புக்கு அடியில் தேங்கும். ஒரு ஐப்பசி மழைக்குள் தரைத்தகடு போய்விடும். எனக்குத் தெரிந்தவரை ஹெரால்டுகளை ஒழித்தது வயதல்ல, இந்த ரப்பர்கள்தான்.

புதுப்பேட்டை பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழும்பூரை ஒட்டி, கூவத்தின் ஓரத்தில், சந்து சந்தாகக் காயலான் கடைகள். கதவுகள் ஒரு பக்கம் அடுக்கியிருக்கும், பம்பர்கள் ஒரு பக்கம், ஆள் உயரத்துக்கு சைலன்சர்கள். இன்றைக்கு அங்கே உடைபடுவது பெரும்பாலும் மாருதியும் ஹூண்டாயும். ஹெரால்டு என்றதும் இளைஞர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு வயதான பாயைக் கைகாட்டினார்கள்.

"ஹெரால்டா? எனக்கு மீசை முளைக்காத காலத்துல வந்து உடைஞ்ச வண்டி தம்பி அது," என்றார். "எத்தனை கதவு?"

"நாலு, பாய்."

சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு பரண் மேல் ஏறச் சொல்லி ஒரு பையனை அனுப்பினார். சாக்கில் சுற்றி வைத்த ஒரு கட்டு இறங்கியது. உள்ளே கெசலின் பின்கதவு ஜன்னல் சட்டமும் கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளப் பட்டையும், பக்கவாட்டில் ஓடும் அலுமினியப் பட்டைகள் சிலவும் இருந்தன. கெசல் இந்த நான்கு கதவு ஹெரால்டிலிருந்து வந்ததுதான். நான் கொண்டுபோயிருந்த அட்டை மாதிரியை வைத்துப் பார்த்தோம். ஜன்னல் சட்டத்தின் வளைவு என் கதவோடு ஒட்டிப் போனது. விலையைப் பற்றி அவர் பேசவே இல்லை. "நீ கொடுக்கிறதைக் கொடு. ஓடுற வண்டிக்குத்தானே போகுது," என்றார். நான் நியாயம் என்று நினைத்ததைக் கொடுத்தேன், எண்ணாமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். புதுப்பேட்டையில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று பதிவு செய்து வைக்க ஆசைப்படுகிறேன்.

பட்டைகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் நல்ல பட்டையை பாலிஷ் கடையில் கொடுத்துக் கெடுத்துவிடுகிறார்கள். காந்தம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு, அதற்கு குரோம் பூச்சு தேவை; சில எவர்சில்வர் வகைகளிலும் காந்தம் ஒட்டும். ஒட்டாமல் கனமாக இருந்தால் எவர்சில்வராக இருக்கலாம். அப்படியானால் அதிர்ஷ்டம், ஒடுக்கை உள்பக்கமிருந்து சின்ன சுத்தியால் தட்டி எடுத்து, அரம் போட்டு, பஃப் பிடித்தால் புதிதாகிவிடும். லேசாக இருந்தால் அலுமினியம். அதன் மேல் அனோடைசிங் என்கிற கெட்டியான ஆக்சைடு படலம் இருந்தால் நேராக பஃப் போடக் கூடாது. அந்தப் படலத்தை காஸ்டிக் சோடா கரைசலில் நீக்கிவிட்டுத்தான் பாலிஷ் ஏறும். ஹெரால்டு என்ற எழுத்துகள் போன்ற வார்ப்புகள் துத்தநாகக் கலவை. பழைய குரோமை எடுக்கிறேன் என்று அமிலத்தில் போட்டால் எழுத்தே கரைந்துவிடும். என் எழுத்துகளில் அம்மைத் தழும்பாக ஓட்டைகள் விழுந்திருக்கின்றன. அவற்றை இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை. பொறுமையாகச் செம்பு ஏற்றிச் செய்கிற கை கிடைக்கும்வரை பெட்டியில் இருக்கட்டும்.

பெங்களூர் ஜே.சி. ரோடுக்குப் போனது வேறு நம்பிக்கையில். பழைய கடைகளில் பிரிக்காத பொட்டலம் ஏதாவது மிஞ்சியிருக்கும் என்று சொன்னார்கள். உண்மைதான், மிஞ்சியிருந்தது. ஒரு கடையில் தமிழ் பேசுகிற பெரியவர், பழுப்புக் காகிதத்தில் சுற்றிய முன்கண்ணாடி ரப்பரை எடுத்து நீட்டினார். தொட்டதுமே தெரிந்தது. விறகுபோல இருந்தது. வளைத்தால் மெல்லிய வெடிப்புகள். இயற்கை ரப்பர் வளைந்தோ இழுபட்டோ இருக்கும் இடத்தில் காற்றில் உள்ள ஓசோன் பட்டால் வெடிக்கும். அலமாரியில் சும்மா இருந்தாலும் அதற்கு வயதாகிறது. பிரிக்காத பழைய சரக்கு என்று யாராவது ஆசை காட்டினால், உலோகமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், ரப்பராக இருந்தால் வேண்டாம். அந்தக் கடையில் பக்கப்பட்டைக்கான ஸ்பிரிங் கிளிப்புகள் மட்டும் வாங்கினேன். இரும்புக் கிளிப் அலுமினியப் பட்டையைத் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் பொரிந்துவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் மெழுகில் முக்கித்தான் மாட்டப்போகிறேன்.

கடைசியில் கோயம்புத்தூர். உண்மையில் இந்தப் பயணமே கோயம்புத்தூருக்காகத்தான் என்று இப்போது சொல்வேன். அந்த ஊரில் பம்பு செட்டும் மோட்டாரும் செய்கிறார்கள், பஞ்சாலை இயந்திரங்கள் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வாஷர், சீல், ரப்பர் தேவை. அதனால் கணபதி பக்கம் தெருவுக்குத் தெரு சின்னச் சின்ன ரப்பர் பட்டறைகள். ஒன்றில் நுழைந்து, பின்கதவிலிருந்து எடுத்த பீடிங் துண்டைக் காட்டினேன். முதலாளி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாங்க, உக்காருங்க. இது எந்த வண்டிதுங்க?"

சொன்னேன்.

"எங்க மாமா வெச்சிருந்தாருங்க. ஊட்டி மலையே ஏறுமுங்க அது." பிறகு தொழிலுக்கு வந்தார். "வெயில் படாத பக்கத்து துண்டு இருக்குதுங்களா? இது சுருங்கிப் போச்சு. இத அளந்து செஞ்சா உங்க கதவு சாத்தினாலும் காத்து போகுமுங்க."

இருந்தது. கதவின் அடிப்பக்க மூலையிலிருந்து அறுத்தெடுத்த துண்டு. அதைப் பிளேடால் நேராக வெட்டி, வெட்டுமுகத்தை ஸ்டாம்ப் பேடில் அழுத்தி, கிராஃப் தாளில் ஒற்றி எடுத்தார். உதடு, குழாய், தகட்டைக் கவ்வும் பள்ளம் எல்லாம் தாளில் விழுந்தன. வண்டலூரில் இருந்த வரைபடங்கள் எங்கே போயினவோ, அந்த நீல மை முத்திரைதான் இனி என் பின்கதவு பீடிங்கின் வரைபடம். மக்கிப்போன ரப்பரைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். எவ்வளவு கேவலமாக இருந்தாலும் ஒவ்வொரு துண்டையும் எந்த இடத்தது என்று எழுதிக் கட்டி வையுங்கள்.

அந்த முத்திரையை வைத்து டை வெட்டினார்கள், அதாவது ரப்பரைப் பிதுக்கி வடிவம் தரும் துளை போட்ட அச்சு. டையின் துளை நமக்கு வேண்டிய அளவைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் ரப்பர் அழுத்தத்தோடு வெளியே வந்ததும் உப்பும். எவ்வளவு உப்பும் என்பது கலவையைப் பொறுத்தது. அந்தக் கணக்கு அவர் விரல்நுனியில் இருந்தது. இயந்திரத்திலிருந்து கறுப்புக் கயிறாக இறங்கியதை டால்க் பவுடர் தூவிய தட்டில் சுருள் சுருளாக அடுக்கி, ஆட்டோகிளேவ் என்கிற அழுத்தக் கலனுக்குள் தள்ளி நீராவியில் வேகவைத்தார்கள். நான் வெளியே போகாமல் அங்கேயே நின்றேன். என் வண்டிக்கான ஒரு பாகம் கண்ணெதிரே பிறப்பதைப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

எந்த ரப்பரில் செய்வது என்பதை நாமே சொல்லிவிட வேண்டும். கண்ணாடிக்கும் கதவுக்கும் ஈபிடிஎம். வெயிலும் ஓசோனும் அதை எளிதில் தொடாது. ஆனால் பெட்ரோல் பட்டால் உப்பிவிடும். ஆகவே பெட்ரோல் டேங்க் கழுத்துக்கு நைட்ரைல். இரண்டும் கறுப்பாகத்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு துண்டை இரவு முழுக்க பெட்ரோலில் போட்டு வைத்தால் காலையில் தெரிந்துவிடும். கதவு பீடிங் மெத்தென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவு சாத்தாது. கண்ணாடி ரப்பர் விறைப்பாக இருக்க வேண்டும். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ கணக்கில் 60, 70 என்று கேட்டு வாங்கலாம்.

முன்கண்ணாடிக்கு நான் இங்கிலாந்து ரப்பரையே வரவழைத்தேன். மூலைகளின் வளைவு அச்சில் வார்க்க வேண்டியது. ஒரே ஒரு வண்டிக்கு அச்சு செய்தால் கட்டுப்படியாகாது. மாட்டும்போது ரப்பரை முதலில் கண்ணாடியில் ஏற்றி, தகட்டுப் பள்ளத்தில் சுற்றிலும் நூல் கயிறு வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் கண்ணாடியைத் தட்டிக்கொடுக்க, உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல இழுக்க வேண்டும். உதடு தானாகத் தகட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பளபளப்புப் பட்டை அதற்குப் பிறகுதான். இந்த இடத்தில் சிலிகான் அடிக்கிறேன் என்று யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள். வினிகர் வாடை வருகிற சிலிகான் காயும்போது அமிலம் விடும். மறைவிலேயே தகட்டைத் தின்றுவிடும். பியூட்டைல் டேப் என்கிற, காயாமல் பிசுபிசுவென்று இருக்கும் ரப்பர் நாடா போதும்.

கோயம்புத்தூர் பட்டறையில் ஒரு வண்டிக்கு மட்டும் என்று ஓட்ட முடியாது. இயந்திரம் சூடாகி அளவு நிலைப்பதற்கே கொஞ்சம் மீட்டர் போய்விடும். அதனால் எனக்குத் தேவையானதைப்போலப் பல மடங்கு சுருள் இப்போது என் வீட்டில் இருக்கிறது. டையும் பட்டறையிலேயே பத்திரமாக இருக்கிறது, பெயர் எழுதி மாட்டி வைத்திருக்கிறார்கள். நான்கு கதவு ஹெரால்டோ கெசலோ வைத்திருப்பவர்கள் அளவு அனுப்பினால் சுருளிலிருந்து வெட்டித் தருகிறேன், பட்டறைக்கு ஆன செலவு விலைக்கே. பதிலுக்கு எனக்கு ஒன்று வேண்டும்: பின்கதவின் முக்கோணக் கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர். என்னிடம் இருப்பது பாதி உதிர்ந்த ஒன்றுதான், அதை வைத்து முத்திரை எடுக்க முடியவில்லை. வெயில் படாத ஒரு முழுத் துண்டு யாரிடமாவது இருந்தால் கடனாகக் கொடுங்கள். ஒற்றி எடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவேன்.