முதுகு ஊசி

ஏப்ரல் 9, 2025. பாம்பன்
37 வாரம் முடிந்துவிட்டது. வலி தெரியாமல் பிள்ளை பெற ஊசி இருக்கிறதாமே என்று செக்கப்பில் டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். வெளியே வந்ததும் தொடங்கிவிட்டாள்: "பெரியம்மாவுக்கு முதுகுல ஊசி போட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் குனிஞ்சு ஒரு குடம் தூக்க முடியல. ஒனக்கும் அது வேணுமா?"

ஏப்ரல் 15
இன்று முதல் 61 நாள் மீன்பிடித் தடை. வலி வரும்போது அவர் கடலில் இருக்க மாட்டார். அது போதும்.

ஏப்ரல் 17
ராமநாதபுரம் போய் மயக்க மருத்துவரைப் பார்த்தோம். பெரியம்மாவுக்குப் போட்டது சிசேரியனுக்கான ஊசியாம். தண்டுவட நீர் இருக்கும் உறைக்குள்ளேயே மருந்து போகும். இடுப்புக்குக் கீழே மொத்தமாக மரத்துவிடும். நான் கேட்டது எபிடியூரல் என்ற ஊசி, அது அப்படியில்லை. உறைக்கு வெளியே நூல் போன்ற டியூபை வைத்து, குறைந்த அளவில் மருந்தை விட்டுக்கொண்டே இருப்பார்கள். வலி அடங்கும், காலை அசைக்கலாம். ஊசி போகும் இடத்துக்கு மேலேயே தண்டுவடம் முடிந்துவிடுகிறது.

"கால் வெளங்காமப் போயிருமா சார்?" என்றாள் அம்மா. அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். நிரந்தர நரம்புப் பாதிப்பு மிக மிக அரிது. ரத்த அழுத்தம் இறங்கலாம், அரிக்கலாம். நூறில் ஒருவருக்குக் கடுமையான தலைவலி வரலாம், அதற்கும் வைத்தியம் உண்டு. முக்கும் நேரம் கூடலாம். ஆனால் இதனால் சிசேரியன் கூடுவதில்லை. முதுகுவலியோ, ஊசி போடாமல் பெற்றவர்களுக்கும் வருகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவாக இருந்தால் போடமாட்டார்கள் என்பதால் ரத்தம் எடுத்தார்கள்.

ராத்திரியில் வலி வந்தால்? "நான் வீட்டிலிருந்துதான் வரணும்மா. அவசர சிசேரியன் இருந்தா அதுதான் முதல்ல." மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. ஊசி இருந்தால் மட்டும் போதாது, போட்ட பிறகும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதையெல்லாம் வலி வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். வலியில் யாரால் கேட்க முடியும்?

ஏப்ரல் 26
பெண் குழந்தை. 2.9 கிலோ. 24ஆம் தேதி பகல் 1.40க்குப் பிறந்தாள்.

அன்று விடியும் முன் இரண்டு மணிக்கே வலி. பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் கார் குதிக்க, அவர் கையை நகம் பதியப் பிடித்திருந்தேன். போனதும் கருப்பை வாய் நாலு சென்டி திறந்திருக்கிறது என்றார்கள். மயக்க மருத்துவர் வர ஆறே கால் ஆகிவிட்டது. அந்த இரண்டு மணி நேரம்தான் மிக நீளமானது.

"இறா மாதிரி வளைஞ்சு உக்காரும்மா, அசையாத" என்றார். வலி உச்சத்தில் இருக்கும்போது அசையாமல் இருப்பது எப்படி? நர்ஸ் அக்கா என் தோளைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவரை மறக்கமாட்டேன். இருபது நிமிடத்தில் வலப்பக்கம் அடங்கியது. இடது தொடைமடிப்பில் மட்டும் கத்தி இறங்கியபடியே இருந்தது. டியூபைக் கொஞ்சம் வெளியே இழுத்து, இடப்பக்கம் படுக்க வைத்து, இன்னும் மருந்து விட்டார். அப்புறம் வயிறு இறுகுவது மட்டும் தெரிந்தது. ஒரு மணி நேரம் தூங்கினேன்! மூக்கு அரித்தது, உடம்பு நடுங்கியது. முக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிள்ளை வெளியே வந்ததை முழு நினைவோடு பார்த்தேன்.

ஏப்ரல் 30
ஊசி போட்ட இடம் அடிபட்டதுபோல் லேசாக நோகிறது. வெந்நீர் ஊற்றும்போது அம்மா அங்கே விரல் வைத்து, "இங்கதானா?" என்றாள். கடல்பாசி எடுத்து எடுத்துக் காய்த்துப்போன விரல். அப்புறம் நான் கேட்காமலே சொன்னாள்: "ஒன்னப் பெத்தப்ப ரெண்டு நாள் வலி. கத்தாதன்னாங்க, துண்டக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். மூணாம் மாசம் பாசிக்குப் போயிட்டேன்." இதுவரை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

சின்னம்மா மகளுக்கு இது ஆறாம் மாதம், அரசு ஆஸ்பத்திரியில் பதிந்திருக்கிறாள். அடுத்த செக்கப்பில் இந்த ஊசியைப் பற்றிக் கேட்கச் சொல்லிப் போன் செய்தேன். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்: "ராத்திரி மயக்க டாக்டர் இருப்பாரான்னு அதையும் கேக்கச் சொல்லு."