ஆஸ்திரேலியன் ஃபுட்பாலை ஆரம்பிச்சு வச்சவங்கள்ல ஒருத்தரான டாம் வில்ஸ் பத்தி படிச்சிட்டிருக்கேன்

ஜூலை 10
1858ல இதே நாள்லதான் டாம் வில்ஸோட லெட்டர் மெல்போர்ன் பத்திரிகைல வந்துச்சு. ஆளுக்கு அப்போ 22 வயசு, மெல்போர்ன் இருக்கிற விக்டோரியாவோட பெரிய கிரிக்கெட்டர். குளிர்காலத்துல பிளேயர்ஸ் சும்மா உக்காந்தா உடம்பு கெட்டுரும், ஒரு ஃபுட்பால் கிளப் ஆரம்பிங்க, முடியலன்னா ரைஃபிள் கிளப்பாவது ஆரம்பிங்கன்னு எழுதியிருக்கார். இன்னிக்கு ஏஎஃப்எல்லுக்கு, அதாவது ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக்குக்கு, வர்ற கூட்டத்துக்கெல்லாம் விதை அதுதான்.

ஜூலை 15
1859 மே 17, மெல்போர்ன்ல ஒரு ஹோட்டல்ல வில்ஸ், ஹாமர்ஸ்லி, தாம்ப்சன், ஸ்மித் நாலு பேரும் உக்காந்து இந்த ஃபுட்பாலுக்கு 10 ரூல்ஸ் எழுதினாங்க. வில்ஸ் இங்கிலாந்துல ரக்பி ஸ்கூல்ல படிச்சவர், அங்க ஆட்டத்துல எதிராளி கால்லயே உதைப்பாங்க, இங்க அது கூடாதுன்னுட்டாங்க. உதைச்சு வர்ற பந்தை தரையில படாம பிடிச்சா ஃப்ரீ கிக், அதான் 'மார்க்', இன்னிக்கும் மேட்ச்ல ஜனம் எந்திரிச்சு கத்துறது அதுக்குத்தான்.

ஆகஸ்ட் 7
1858ல ஸ்காட்ச் காலேஜ், மெல்போர்ன் கிராமர்னு ரெண்டு ஸ்கூலுக்கு நடுவுல ஃபுட்பால் மேட்ச் ஆரம்பிச்ச நாள். பக்கத்துக்கு 40 பசங்க, மூணு சனிக்கிழமை ஆடி டீமுக்கு ஒரு கோல், டிரா! வில்ஸ் ஒரு அம்பயர், இன்னொருத்தர் ஜான் மெக்கடம், மெக்கடேமியா கொட்டைக்குப் பேர் வந்ததே இவராலதான். எம்சிஜி, அதாவது மெல்போர்ன் கிரிக்கெட் கிரவுண்ட், வெளிய இருக்கிற சிலை இந்த மேட்ச்தான், ரெண்டு பசங்க பந்துக்கு முட்டிக்கிறாங்க, பக்கத்துல அம்பயரா வில்ஸ்.

ஆகஸ்ட் 12
ரெண்டு நாளா மனசு இதுலயே கெடக்கு. வில்ஸ் சின்ன வயசுல ஜாப் வுர்ருங் பழங்குடி பசங்களோட அவங்க பாஷை பேசி வளர்ந்தவர். 1861ல குயின்ஸ்லாந்துல குல்லின்-லா-ரிங்கோ பண்ணைல அவர் அப்பாவோட சேர்த்து 19 பேரைப் பழங்குடிகள் கொன்னாங்க, வெள்ளைக்காரங்க முன்னாடி செஞ்சதுக்குப் பழின்னு சொல்றாங்க, டாம் சாமான் எடுக்க வெளிய போயிருந்ததால தப்பிச்சார். பதிலுக்கு வெள்ளைக்காரங்க எக்கச்சக்கமா சுட்டுத் தள்ளினாங்க, அதுல டாமும் இருந்தாரான்னு இன்னிக்கும் வாதம் நடக்குது. அப்படிப்பட்டவர் அஞ்சே வருஷத்துல, 1866ல, பழங்குடி கிரிக்கெட் டீமுக்கு கோச்சா நின்னு பாக்ஸிங் டே (டிசம்பர் 26) அன்னிக்கு எம்சிஜில இறக்குறார். இது எப்படி முடிஞ்சுதுன்னு எனக்குப் பிடிபடவே இல்ல, ஆனா அவர் வாழ்க்கைல எனக்குப் பெருசா படுறது இதுதான், ரூல்ஸ் கூட அப்புறம்தான்.

ஆகஸ்ட் 14
1868ல அந்த டீம் இங்கிலாந்து போச்சு, அங்க போன மொத ஆஸ்திரேலிய டீம், வில்ஸை சேக்கல. அப்புறம் குடி. 1880 மே 2 தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார், 44 வயசு. கல்லறைக்கு ஒரு கல் வச்சதே 1980லதான், நூறு வருஷம் கழிச்சு, நெனச்சா கோவம்தான் வருது.