தட்டில் உறைந்த பனியாறு: டில் படிவைச் செய்து பார்த்தது

பனியாறு சுமந்து வரும் களிமண், மணல், சரளை, பாறைத்துண்டு ஆகியவற்றைத் தரம் பிரிக்காமல் ஒரே குவியலாக இறக்கிவிட்டுப் போகும் படிவையே டில் என்கிறார்கள். ஓடும் நீர் வேகம் குறையக் குறைய முதலில் கனமானதையும் பிறகு நுண்ணியதையும் இறக்கும். பனிக்கட்டிக்கு அந்தப் பாகுபாடு இல்லை. இதைக் கண்ணால் பார்க்கவே இந்த முயற்சியைத் தொடங்கினேன்.

முதல் முயற்சி முழுத் தோல்வி. எல்லாவற்றையும் நீரில் கலக்கி ஃப்ரீசரில் வைத்தேன். நீர் உறைவதற்குள் கல் அடியிலும், அதன்மேல் மணலும், எல்லாவற்றுக்கும் மேலே களியுமாக அழகாக அடுக்கிக்கொண்டுவிட்டன. பனியின் வேலையைப் பார்க்கப் போய் நீரின் வேலையைத்தான் பார்த்தேன்.

அடுத்த முறை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே நீர் ஊற்றி, அது பாதி உறைந்து கூழான பிறகு கலவையைத் தூவி, அது இறுகியபின் அடுத்த அடுக்கை ஊற்றினேன். இரண்டு நாள் பிடித்தாலும் கட்டி முழுவதும் கல்லும் மணலும் சிதறி நின்றன. அதன் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் லேசாக உருக்கி, மணல் துருத்தியபின், மாக்கல் பலகைமேல் அழுத்தி இழுத்தேன். முதல் இழுப்பில் பாதி மணல் உதிர்ந்துவிட்டது. மறுபடி நன்றாக உறையவைத்து இழுத்தபோது இணையான மெல்லிய கீறல்கள் விழுந்தன. மெய்யான பனியாற்றின் அடியில் பாறைத்தரையும் இவ்வாறே கீறப்படுகிறது. கீறுகிற கல்லும் தேய்ந்து, தட்டையான முகங்களும் கீறல்களும் பெறுகிறது. இந்தக் கோடுகள் பனி நகர்ந்த தடத்தைச் சொல்லுமே தவிர, அத்தடத்தின் எந்த முனையை நோக்கி அது நகர்ந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அதற்கு, பனி வந்த பக்கம் வழவழப்பாகவும் போன பக்கம் பிடுங்கப்பட்டுக் கரடாகவும் இருக்கும் பாறை மேடுகளைத் தேட வேண்டும்.

பிறகு கட்டியைச் சாய்ந்த தட்டில் உருகவிட்டேன். மேற்பகுதியில் கலப்படக் குவியல் நின்றது. உருகிய நீரோ நுண்களியை அரித்துக் கீழே ஒரு விசிறியாகப் படியவைத்தது. உருகும் பனியிலிருந்து இறங்கும் டில்லில் களி குறைந்திருப்பதும், நகரும் பனி தன் அடியில் அழுத்திப் பூசிய டில் களி மிகுந்து கெட்டியாக இருப்பதும் ஏன் என்று அப்போதுதான் தெளிந்தது.

கற்களின் நீண்ட அச்சுகளைப் பாகைமானியால் அளந்ததில் ஏமாற்றமே. அடியில் பூசப்பட்ட டில்லில் அவை பெரும்பாலும் பனி நகர்ந்த திசையை ஒட்டிக் கிடக்கும்; என் குவியலில் அவை எல்லாப் பக்கமும் பார்த்தன. என் கட்டி சறுக்கியது, ஆனால் தன் எடையால் உருமாறி ஓடவில்லை. உருகும்போதோ அசையவே இல்லை. கற்களைத் திருப்பி நேராக்க அங்கே எதுவும் இல்லை.

கலப்படமாக இருப்பதாலேயே ஒரு படிவை டில் என்று முடிவு கட்டவும் கூடாது. சேற்றுச் சரிவும் அப்படித்தான் குவிக்கும். கீறல் விழுந்த கற்கள், கீறப்பட்ட அடிப்பாறை, தொலைவிலிருந்து வந்த வேற்றுப் பாறைகள் எல்லாம் சேர்ந்து நின்றால்தான் சாட்சி வலுக்கும். இறுகிக் கல்லான டில்லை டில்லைட் என்பர். ஒடிசாவின் தால்ச்சர் பகுதியிலுள்ள பாறாங்கல் படுகை பனியின் வேலை என்று 1856இல் கண்டறியப்பட்டது; ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் தென்கண்டங்களும் ஒன்றாக இணைந்திருந்த கோண்டுவானா நிலப்பரப்பின் மேல் பனி கிடந்ததற்கு அது ஒரு சான்று.

அடுத்து, கல் பதித்த ஈரக்களியை ஒரு பலகையின் அடியில் வைத்து மெதுவாக நகர்த்தி, அச்சுகள் திரும்புகின்றனவா என்று பார்க்கப் போகிறேன்.