பத்திரத்தில் எழுதாத வாக்கு

தென்னாப்பிரிக்காவில் செல்வம் சேர்த்த ஆங்கிலேயர் சிசில் ரோட்ஸ் என்றால் வைரம், அவருடைய டி பியர்ஸ் வைரக் கம்பெனி, ஆக்ஸ்ஃபோர்டு உதவித்தொகை என்றுதான் பேச்சு போகிறது. எனக்கு 1888ஆம் வருஷம்தான் மனதை விட்டுப் போக மறுக்கிறது.

அந்த வருஷம் ரோட்ஸின் ஆட்கள் இன்றைய ஜிம்பாப்வேயில் இருந்த மாட்டபெலே மக்களின் அரசர் லோபெங்குலாவிடம் சுரங்க உரிமை எழுதி வாங்கினார்கள். பதிலுக்கு மாதம் 100 பவுன், 1,000 துப்பாக்கி, ஜாம்பேசி ஆற்றில் விட ஒரு நீராவிப் படகு. பத்துப் பேருக்கு மேல் தோண்ட வரமாட்டோம் என்று வாயால் கொடுத்த வாக்கை மட்டும் பத்திரத்தில் எழுதவே இல்லை. விஷயம் புரிந்ததும் அரசர் விக்டோரியா ராணிக்கே தூது அனுப்பினார். பலனில்லை. 1893இல் ரோட்ஸின் கம்பெனிப் படை வந்தது, ராஜ்ஜியம் போனது. அப்புறம் அந்த மண்ணுக்கே ரோட்ஸின் பெயரால் ரொடீசியா என்று பெயர்.

படை வந்தபோது ரோட்ஸ், தென்னாப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் கேப் காலனியின் பிரதமர் வேறு!

2015இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் அவர் சிலையை இறக்கவைத்த மாணவர்களைத் திட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் மாணவர்கள் பக்கம்தான்.